பெட்டிக்குள் கிடந்த கயிறு

அத்தியாயம் 14

சனிக்கிழமை சாயங்காலம் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தேவிபிரியா அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது என்பது அவள் கணக்கு. பெங்களூரில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவளுக்குத் திருச்சுழிக் குழாயின் லட்சணம் மறந்துபோயிருந்தது. அது பாதி நேரம் காற்றைத்தான் விடும்.

எதற்கு அழுதாள் என்று கேட்டால், பயம். வேறொன்றுமில்லை.

கதையில் இந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா சௌந்தருக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. இருபது வருஷக் குடி. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிய குடும்பம். இவர் மட்டும் திருச்சுழிக்கு வந்து ஜவுளிக்கடை போட்டார். கடையும் நன்றாக ஓடியது, குடியும் நன்றாக ஓடியது. வேறு ஈரல் வைத்தால் பிழைப்பார், இல்லையென்றால் இந்த வருஷ மழையைப் பார்க்க மாட்டார் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா சங்கரிக்குச் சர்க்கரை வியாதி. அவளுடையதை எடுக்க முடியாது. ஒரே மகள் தேவிபிரியாவுடையது பொருந்தியது. "என்னோடதை எடுத்துக்கோங்க" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். பாதி ஈரலை வெட்டி எடுத்தாலும் அது திரும்ப வளர்ந்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். அவர் நேர்மையான மனிதர். பெரும்பாலும் என்றால் எல்லாருக்கும் அல்ல என்பதையும் உடனே சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும், அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை ஹரிஹரசுதனின் வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிவைத்ததுதான் போன வாரம் நடந்தது.

திங்கட்கிழமை கடைசிப் பரிசோதனை. ரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள். சௌந்தர் உடம்பில் மதுவின் சுவடு தெரிந்தால் ஆபரேஷன் கிடையாது. அந்த ஆஸ்பத்திரி அதில் கறார்.

ஆனால் சௌந்தர் குடியை விட்டு மாசக்கணக்காகிறது. பரளச்சி போகிற வழியில் ஒரு முனியசாமி கோவிலுக்குச் சங்கரிதான் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டிவிட்டாள். கறுப்புக் கயிறு, நடுவில் சின்னத் தகடு. அது மணிக்கட்டில் இருக்கும்வரை ஒரு சொட்டு உள்ளே போனாலும் ரத்தமாக வாந்தி எடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மருந்துக்கு மசியாத ஆட்கள் கூட முனியசாமிக்கு மசிந்துவிடுவார்கள். சௌந்தரும் மசிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"முடி வெட்டிட்டு வாரேன்" என்றார்.

"நானும் வாரேம்ப்பா."

"சலூனுக்கு நீ எதுக்கு?" என்று சிரித்தார். மஞ்சள் பூத்த கண், வீங்கின கால், அந்தச் சிரிப்பு. தேவிபிரியா விட்டுவிட்டாள். அடுப்படியில் இருந்த சங்கரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாதாரணமாக அவர் வாசலைத் தாண்டினால் எத்தனை மணிக்கு வருவீங்க, யார் கூடப் போறீங்க என்று விசாரணைக் கமிஷன் வைக்கிறவள் அவள்.

பதினொரு மணி வாக்கில் தேவிபிரியாவின் போன் ஒரு சத்தம் போட்டது. அவள் ஒளித்து வைத்திருக்கும் பெட்டியை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று செய்தி. கண்டுபிடித்தவர் பெயர் சௌந்தர்.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு உண்டு. ஊர் ஊருக்கு யாராவது ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, இருக்கிற இடத்தை ஒரு செயலியில் குறித்துவிடுவார்கள். மற்றவர்கள் போனில் வழி பார்த்து நடந்து வந்து தேடி எடுக்க வேண்டும். பெங்களூரில் ஆபீஸ் சிநேகிதிகளோடு கற்றுக்கொண்ட பைத்தியம். அப்பாவைத் தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, வெறுமனே நட என்றால் நடக்காத மனிதருக்காகத் தேவிபிரியா ஒரு பழைய டிபன் பாக்ஸைக் குண்டாற்றங்கரையில் பாழடைந்த மோட்டார் ரூம் சுவரில் செங்கலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் போனிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தாள். இருவரும் எத்தனையோ காலை அதைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நடந்திருக்கிறார்கள். வெளியாள் ஒருத்தர்கூட இதுவரை வந்ததில்லை.

ஆனால் சலூன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஆறு இந்தப் பக்கம். தனியாக ஆற்றுக்குப் போகிற நிலையில் அப்பா இல்லை.

அவருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது.

"அம்மா, அப்பா ஆத்துக்குப் போயிருக்காரு."

"வருவாரு. நீ சாப்பிடு" என்றாள் சங்கரி.

"அவருக்கு நடக்கவே முடியலையேம்மா. நான் போயிப் பாத்துட்டு வாரேன்."

"வெயில்ல எங்கடி போறே? வேண்டாம், உக்காரு." சங்கரி வேகமாக வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். வெயிலுக்கு யாரும் அவ்வளவு பயப்பட மாட்டார்கள் என்று தேவிபிரியாவுக்கு அப்போது தோன்றவில்லை. அம்மாவை விலக்கிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

குண்டாற்றில் தண்ணீர் இல்லை. கோடையில் இருக்கவும் இருக்காது. மணலும் அதன் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலும்தான். இத்தனை நாள் அப்பாவோடு பேசிக்கொண்டு நடந்த பாதை இன்று அவளுக்கு வேறு இடமாக இருந்தது. மணல் அள்ளின குழி ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தாள். பார்க்கும் முன்பே நெஞ்சு அடைத்தது, பார்த்த பின்பு மூச்சு வந்தது, அடுத்த குழி வரும்வரைதான் அதுவும்.

"அப்பா!"

ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

மணலில் ஒரு செருப்புக் காலின் தடம் இழுபட்டு இழுபட்டுப் போயிருந்தது. வலது காலை அப்படித்தான் இழுப்பார். நடுநடுவே தடம் கலைந்து கிடந்தது. அங்கெல்லாம் நின்று மூச்சு வாங்கியிருக்கிறார், அல்லது விழுந்து எழுந்திருக்கிறார். எது என்று யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஓடினாள்.

மோட்டார் ரூமில் யாரும் இல்லை. செங்கல் வெளியே எடுத்து ஒழுங்காக ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. டிபன் பாக்ஸ் உள்ளே இருந்தது. திறந்தாள். அவள் போட்டு வைத்த சாவிக்கொத்து பொம்மை, இரண்டு கோலிக்குண்டு, அவற்றின் மேலே சுருட்டி வைத்த கறுப்புக் கயிறு. தகடு மேலே தெரிந்தது.

எடுத்துப் பார்த்தாள். அப்பாவுடைய கயிறுதான்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கயிறு கட்டினவன் கயிற்றோடு குடிக்க மாட்டான், அறுத்தும் எறிய மாட்டான். அவிழ்த்துச் சுத்தமான இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவான். குடித்து முடித்துக் குளித்துவிட்டு வந்து திரும்பக் கட்டிக்கொண்டு முனியசாமியையும் பெண்டாட்டியையும் சேர்த்து ஏமாற்றினவர்கள் உண்டு. ஆகவே கயிறு கையில் இல்லையென்றால் ஆள் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

அப்பா குடிக்கப் போயிருக்கிறார். நாளைக்கு ரத்தம் எடுப்பார்கள். ஆபரேஷன் இல்லை.

அப்படி நினைத்த அந்த நொடியில் தேவிபிரியாவுக்கு நிம்மதியாக இருந்தது.

உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். இருந்தது. தன்னை அறுக்க மாட்டார்கள், மயக்க ஊசி போட மாட்டார்கள், கண் விழிப்போமா என்று எண்ணிக்கொண்டு படுக்க வேண்டாம் என்று உடம்பு முழுக்க ஒரு நிம்மதி ஓடியது. அடுத்த நொடியே, அப்பா சாகப்போகிறார் என்பதற்கா இப்படி நிம்மதிப்பட்டோம் என்று அவளுக்குத் தன்னைக் கண்டே நடுக்கம் வந்துவிட்டது. ஆற்றுக்கு வந்ததிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒயின்ஷாப் பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். போனைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆகப்போகிறது. கயிற்றை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கருவேலங்காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். நரிக்குடி ரோட்டில் ஏறுகிற இடத்தில் கடை. முள் கிழித்தது, சுடிதார் மாட்டியது, இழுத்துக்கொண்டு ஓடினாள். முனியசாமி, திறந்திருக்கக் கூடாது, ஷட்டர் மாட்டிக்கொள்ள வேண்டும், கரண்டு போக வேண்டும், எதையாவது செய் என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.

முனியசாமி எதையும் செய்யவில்லை. கடை திறந்து கூட்டம் முண்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் தகரக் கொட்டகைதான் பார். அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மேஜை துடைத்துக்கொண்டிருந்த மொக்கையன் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நாற்பது வயது ஆள், அந்தப் பாரில் வேலை.

"ஏம்மா, பொம்பளப் பிள்ளைக இங்க வரப்படாதும்மா. யாரு வேணும்?"

"ஜவுளிக்கடை சௌந்தர். எங்கப்பா."

மொக்கையனின் குரல் இறங்கியது. "கடைசி மேஜையில இருக்காக. ஊத்தி வச்சுக்கிட்டுச் சும்மாவே உக்காந்திருக்காக. எனக்கே என்னமோ மாதிரி இருக்கு. கூட்டிட்டுப் போயிரும்மா."

ஊத்தி வைத்திருக்கிறார், இன்னும் குடிக்கவில்லை. தேவிபிரியா மேஜைகளுக்கு நடுவே புகுந்து கடைசிக்குப் போனாள்.

சௌந்தர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னால் குவார்ட்டர் பாட்டில், தண்ணீர்ப் பாக்கெட், நிறைந்த பிளாஸ்டிக் கிளாஸ். கயிறு இருந்த மணிக்கட்டில் தோல் வெளுத்திருந்தது.

"வந்துட்டியா" என்றார், பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருந்தவர் கேட்கிற மாதிரி.

"ஏம்ப்பா போன்ல அமுக்குனீங்க? அமுக்குனா எனக்கு மெசேஜ் வரும்னு தெரியும்ல?"

"கை பட்டிருக்கும்."

கை பட்டெல்லாம் அது போகாது. பெயரைத் தேடி, பெட்டியைத் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் போட்டால்தான் போகும். அவளே சொல்லிக்கொடுத்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கப்பா. வீட்டுக்குப் போவோம்."

சௌந்தர் வீட்டுப் பாஷைக்கு மாறினார். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பங்கள் பலவற்றைப் போல அவர்கள் வீட்டிலும் பேசுவது கன்னடம். பக்கத்து மேஜைக்குப் புரிய வேண்டாம் என்று அதிலேயே தாழ்வாகச் சொன்னார்.

"நேத்து பாத்ரூம்ல நீ அழுதே. ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு."

சௌந்தர் கிளாஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நீ தர மாட்டேன்னு சொன்னதா இருக்க வேண்டாம். ஊரு உன்னை ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது. குடிகாரப் பய, திரும்பக் குடிச்சுட்டான், ஆஸ்பத்திரியில வேண்டாம்னு அனுப்பிட்டாக. இப்படிப் போகட்டும். நம்புற மாதிரியும் இருக்கும்ல?"

"உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்லப்பா?"

"தெரியும்."

"கயித்தை அம்மாவுக்குத் தெரியாம அவுத்தீங்களா?"

அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒத்தைக் கையால அதை அவுக்க முடியுமா? உங்கம்மாதான் அவுத்துவிட்டா. காலையில சாமி படத்துக்கு முன்னால நின்னு."

தேவிபிரியாவுக்கு வாசலை மறித்து நின்ற அம்மாவின் முகம் இப்போதுதான் புரிந்தது.

"ஒண்ணு கேக்குறேன்" என்றார் சௌந்தர். "உண்மையைச் சொல்லு. எங்கிட்ட நீ பொய் சொன்னதில்லை. உனக்குப் பயமா இருக்கா? இல்லைன்னு சொல்லு, இதைக் கொட்டிட்டு உங்கூட வாரேன்."

இல்லை என்ற ஒரு வார்த்தைதான். இரண்டு மாசமாக டாக்டரிடம், நர்ஸிடம், கல்யாணத்தைத் தள்ளிவைத்த வீட்டாரிடம் எல்லாம் சொன்ன வார்த்தை. அப்பாவின் மஞ்சள் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பயமாத்தான் இருக்குப்பா. ஆனா..."

ஆனாவுக்கு அப்புறம் அவள் சொல்ல வந்ததை அவர் கேட்கவில்லை. கிளாஸை எடுத்துவிட்டார். உதட்டுக்குப் போவதற்குள் தேவிபிரியா எட்டித் தட்டிவிட்டாள். மேஜையெல்லாம் ஓடி அவர் வேட்டியில் கொட்டியது. பாரில் யாரோ எழுந்து நின்றார்கள்.

"ஆனா தருவேன்" என்றாள் அவள். "பயந்துக்கிட்டேதான் தருவேன். பயம் போனப்பறம் தரணும்னா என்னால ஏலாது. பயத்தோடவே வாரேன், நீங்க சும்மா இருங்கப்பா."

சௌந்தர் குனிந்து ஈர வேட்டியைப் பார்த்தார். தோள் குலுங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் தேவிபிரியா நினைத்தாள். கயிற்றைக் கட்ட அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது கொட்டகை வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சங்கரி இறங்கினாள். குடித்துவிட்டு எத்தனையோ தடவை அவர் இந்த ரோட்டோரத்தில் விழுந்து கிடந்தபோதுகூட, ஆள் அனுப்பித் தூக்கி வரச் சொல்வாளே தவிர இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். இன்று நேராக உள்ளே வந்தாள். வழியில் நின்ற ஆட்கள் தானாக ஒதுங்கினார்கள். கடைசி மேஜைக்கு வந்து மகளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த கிளாஸைப் பார்த்தாள்.

"குடிச்சாரா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. தட்டிவிட்டுட்டேன். நான் தாரேன்னு சொல்லிட்டேன். வாங்க போவோம்."

சங்கரி உட்கார்ந்தாள். கிளாஸை நிமிர்த்தி வைத்தாள். பாட்டிலை எடுத்து ஊற்றினாள். தண்ணீர் கலக்கவில்லை. இதே கையால்தான் எத்தனையோ பாட்டிலைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்திருக்கிறாள். அந்தக் கை இப்போது ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"அம்மா, என்ன செய்றீங்க? அவரு செத்துருவாரும்மா."

"தெரியும்டி." சங்கரி வீட்டுப் பாஷைக்கெல்லாம் மாறவில்லை. ஊருக்கே கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள். "உங்க ரெண்டு பேரையும் ரெண்டு ரூமுக்குள்ள கொண்டுபோயிக் கதவைச் சாத்திருவாக. நான் வெளிய உக்காந்து யாருக்குன்னு சாமி கும்பிட? உனக்குக் கும்பிட்டா இவரை விட்ட மாதிரி. இவருக்குக் கும்பிட்டா உன்னை விட்ட மாதிரி. அன்னைக்கு முடிவு பண்றதை இன்னைக்கே பண்ணிட்டேன்."

"ரெண்டு பேரும் பொழைச்சு வருவோம்மா."

"பெரும்பாலும்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு" என்றாள் சங்கரி. பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "பொழுதேறுது. குடிங்க."

சௌந்தர் கிளாஸைப் பார்த்தார். சற்று முன்னால் தானே ஊற்றிய கிளாஸை எடுத்தபோது அவர் தயங்கவில்லை. யாராவது வந்து தட்டிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தானே போனை அமுக்கினார். இப்போது பெண்டாட்டி ஊற்றி வைத்திருக்கிறாள். மகள் தட்டிவிட்டாலும் இவள் திரும்ப ஊற்றுவாள். தேவிபிரியாவின் கையை அவர் விடவில்லை, இன்னும் இறுக்கினார்.

"சங்கரி" என்றார், அவரும் தமிழிலேயே. "எனக்குச் சாகப் பயமா இருக்கு."

கொட்டகையில் எல்லாருக்கும் அது கேட்டது. மொக்கையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சங்கரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மேஜையில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கிளாஸை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.